மரம் வாடினால் முதலில் அடியைப் பாருங்கள்

வாசலில் ஒரு வேம்பு, பின்பக்கம் ஒரு மாமரம், குழாயடியில் ஒரு கறிவேப்பிலை. இவை இருந்துவிட்டால் தில்லி வீட்டிலும் நம்மவர்களுக்கு ஊர் வாசனை வந்துவிடுகிறது. ஆனால் மரம் வாடினால் என்ன செய்கிறோம்? மாலி ஒரு மருந்து சொல்கிறார். கடைக்காரர் வேறொன்றைத் தருகிறார். இரண்டையும் அடித்துப் பார்த்துவிட்டு, வெட்ட ஆள் தேடுகிறோம். ரயில்வேயில் பாலத்தின் மேலே விரிசல் கண்டால் முதலில் அஸ்திவாரத்தைத்தான் போய்ப் பார்ப்போம். மரத்துக்கும் அந்த முறையே நல்லது.

அதற்கும் முன்னால், உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஜனவரிக் குளிரில் கறிவேப்பிலை மஞ்சளாகி மொட்டையாக நிற்பது இங்கே சகஜம். செத்துவிட்டது என்று பிடுங்கிப் போட்டவர்கள் பலர். நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. தண்ணீரைக் குறைத்து, உரம் போடாமல் மார்ச் வரை பொறுங்கள். துளிர்த்த பிறகு இலையைத் தின்னும் பச்சைப் புழு வந்தால் கையால் எடுத்துப் போடுவதே போதும். குழம்பில் போடும் இலைக்கு விஷ மருந்து எதற்கு? பரணில் பழைய எண்டோசல்பான் பாட்டில் கிடந்தால் அதைத் தொடவே வேண்டாம். 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்த மருந்து அது.

இனி அடிமரம். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் கார் நிறுத்துவதற்காக முற்றம் முழுவதும் டைல்ஸ் பதித்தார்கள். இரண்டே கோடையில் வாசல் வேம்பின் உச்சி காய்ந்தது. பட்டையில் மண் பூச்சு இருந்ததால் கரையான்தான் காரணம் என்று மருந்தாக ஊற்றினார்கள். கரையான் பெரும்பாலும் செத்த பட்டையைத் தேடித்தான் வருகிறது. அந்த வீட்டு மாமி என்னிடம், "மாமியார் கையால வெச்ச மரம் சார், வெட்டுன்னு மட்டும் சொல்லிடாதீங்கோ" என்றார். நான் சொன்னது ஒன்றுதான்: அடியைச் சுற்றி சிமெண்டை உடையுங்கள்.

நீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல் 2 அடி மண்ணிலேயே இருக்கிறது. அவற்றுக்குக் காற்று வேண்டும். மேலே கான்கிரீட் போட்டால் மூக்கைப் பொத்தியது போலத்தான். தேசியப் பசுமைத் தீர்ப்பாயமே 2013-ல், தில்லியில் மரங்களைச் சுற்றி 1 மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்ற உத்தரவிட்டது. அந்த வீட்டிலும் அவ்வளவு தூரம் உடைத்து, மண்ணைக் கிளறி, மக்கிய எரு போட்டார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் நடுக்கிளைகளில் துளிர் வந்தது. காய்ந்த உச்சி காய்ந்ததுதான். அதை வெட்ட வேண்டியிருந்தது.

இலை மஞ்சளானால் எந்த இலை என்று கவனியுங்கள். அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் வெளுத்தால் பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு, எரு போடலாம். கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறைவு. காரை, சுண்ணாம்பு கொட்டிய மண்ணில் இது அதிகம். அன்னபேதி உப்பை லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு, மாலையில் இலைமேல் தெளியுங்கள்.

மாமரத்துக்கு இங்கே பெரிய தொல்லை மாவுப்பூச்சி. குஜியா என்பார்கள். டிசம்பர், ஜனவரியில் மண்ணிலிருந்து குஞ்சுகள் பொரிந்து அடிமரம் வழியாக ஏறும். ஏறிய பிறகு மருந்தடிப்பதைவிட வழியை அடைப்பது மேல். டிசம்பர் பிறப்பதற்குள் தரையிலிருந்து ஓரடி உயரத்தில், ஓரடி அகல பாலிதீன் தாளை இறுக்கிச் சுற்றி மேலும் கீழும் கட்டுங்கள். பட்டை வெடிப்புகளைக் களிமண்ணால் அடைத்து, தாளின் கீழ் ஓரத்தில் கிரீஸ் தடவுங்கள். கோடையில் தாய்ப்பூச்சி இறங்கி மண்ணில் முட்டையிடும். அப்போது அடிமண்ணைக் கொத்திவிட்டால் வெயில் மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

நுனியிலிருந்து கிளை காய்ந்துகொண்டே வந்தால், காய்ந்த இடத்துக்கு 3 அங்குலம் கீழே, பச்சைப் பகுதியில் வெட்டி போர்டோ பசை பூசுங்கள். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம் இரண்டையும் தனித்தனியே அரை லிட்டர் தண்ணீரில் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, பிறகு ஒன்றாகக் கலக்க வேண்டும். இரும்பு வாளி கூடவே கூடாது. கலவையில் ஓர் இரும்பு ஆணியை நனைத்துப் பாருங்கள். சிவப்பாகச் செம்பு படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். பொந்துகளில் சிமெண்ட் அடைப்பது பழைய வழக்கம். மரம் ஆடும், சிமெண்ட் ஆடாது. இடுக்கில் நீர் தங்கி இன்னும் உளுக்கும்.

வைத்தியத்துக்கு அப்பாற்பட்ட மரமும் உண்டு. அடியில் காளான் தட்டுத் தட்டாக முளைத்தாலோ, தட்டினால் பறை போல் ஒலித்தாலோ, சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் மண் வெடித்து மேலெழும்பினாலோ, மே மாத ஆந்திப் புயல் வரை காத்திராதீர்கள். அதன் கீழே ஸ்கூட்டரை நிறுத்துவதையும் குழந்தைகளை விளையாட விடுவதையும் அன்றே நிறுத்துங்கள். ஆனால் 1994-ம் ஆண்டு தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த வீட்டு மரமானாலும் வெட்ட வனத்துறையின் மர அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். மனுவுடன் காளானும் வெடிப்பும் தெரியும்படி எடுத்த புகைப்படங்களையும் இணைத்துக் கொடுங்கள்.