வெளுக்க வேண்டாம், வெளிச்சம் போதும்!

நான் பத்தாவது வரை படித்த இல்லத்தரசி. கணவர் இங்கே விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். என் மகள் நல்ல கறுப்பு, களையான முகம்.

போன வருடம் காலேஜ் அட்மிஷனுக்காக அவளை ஒரு ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போனேன். பவுடரை அப்பி, லைட்டை முகத்துக்கு நேராகப் போட்டு, கம்ப்யூட்டரிலும் வெளுத்துக் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்தவள், "இது யாரும்மா?" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

நாத்தனார் மகன் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். "எனக்கும் சொல்லிக் கொடுப்பா" என்றேன். "பவரைக் கூட்டாதீங்க அத்தே, லைட்டை நகர்த்துங்க" என்றான். அதுதான் முதல் பாடம்.

விளக்கு ஒன்று போதுமாம். நேராக வைத்தால் முகம் தட்டையாகிவிடும். பக்கவாட்டில் 45 டிகிரி தள்ளி, கண்ணுக்குச் சற்று மேலே வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் நிழல் இதமாகும். விளக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும்! விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டினால் வெளிச்சம் மென்மையாகும். ஆனால் எல்.இ.டி. விளக்குக்கு மட்டும்தான், ஹாலஜன் என்றால் துணி பற்றிக்கொள்ளும், ஜாக்கிரதை.

முதலில் பீங்கான் பொம்மைகளை வைத்துப் பழகினேன். கிளேஸ் போடாத பொம்மையில் வெளிச்சம் பரவி நிற்கும். கிளேஸ் போட்டதில் பல்பே பளிச்சென்று தெரியும். எண்ணெய் வழியும் முகமும் அப்படித்தானே? துடைத்தாலே போதும், பவுடர் எதற்கு? கறுப்பு முகத்தில் கொஞ்சம் மினுமினுப்பு இருந்தால்தான் கன்னத்தின் வடிவமே எடுப்பாகத் தெரிகிறது.

வெளிநாட்டிலும் இதே கதைதானாம். கலர் சரிபார்க்க கோடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு' அட்டையில் பல வருடம் வெள்ளைக்காரப் பெண்தான் இருந்தாள். 1990களில்தான் பல நிறப் பெண்கள் சேர்ந்திருக்கும் அட்டை வந்தது.

போன மாதம் வீட்டுக் கூடத்தில், செல்போனிலேயே மகளைப் படம் எடுத்தேன். மாமியார் வாங்கிப் பார்த்துவிட்டு, "அட, எங்க அம்மா மாதிரியே இருக்காடி!" என்று கண் கலங்கினார். மகள் அந்தப் படத்தை பிரேம் போட்டு மாட்டச் சொல்லிவிட்டாள்.

தோழிகளே, உங்கள் பெண்ணைப் படம் எடுக்க அழைத்துப் போனால், "நிறத்தை மாத்தாதீங்க, லைட்டை மட்டும் சரியா வைங்க" என்று வாய் திறந்து சொல்லுங்கள். கறுப்பு குறையல்ல, வெளிச்சம் வைக்கத் தெரியாததுதான் குறை.

- ஒரு வாசகி, விருத்தாசலம்.