மோட்டார் வண்டியும் கம்பியில்லாத் தொடர்பும்

தூத்துக்குடி என்றவுடன் முத்தும், சங்கும், உப்பும், கப்பலுமே முன்னாளில் எவர்க்கும் நினைவிற்கு வரும். இப்பொழுது அவ்வரிசையில் மோட்டார் வண்டியும் சேர்ந்துவிட்டது. வியட்நாம் தேயத்து வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சார வண்டித் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ஆம் நாள் நம் நகரையடுத்த சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில் திறக்கப்பட்டது. முதற்கட்டத்தில் அது ஆண்டொன்றுக்கு 50,000 வண்டிகள் செய்யுந் திறமுடையது. நம் கல்லூரி மாணவர் பலர் நாளை இத்தகைய வண்டிகளைச் செய்வோராகவும், பழுது பார்ப்போராகவும், ஓட்டுவோராகவும் ஆவர். ஆதலின், ஒரு நிறுவனத்திற்கு மட்டும் உரியதன்றி, இக்காலத்து வண்டிகளுக்கெல்லாம் பொதுவாயுள்ள ஓர் அபாயத்தைக் குறித்துச் சிறிது ஆராய்வோம்.

பழைய வண்டிக்குத் தீங்கு செய்ய நினைத்தவன் அதன் அருகே வந்தே ஆகவேண்டும். இக்காலத்து வண்டியோ சக்கரம் பூட்டிய கணிப்பொறிக் கூட்டமாகும். தடை, திசைமாற்றி, விசைப்பொறி, கதவு, விளக்கு ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு சிறு கணிப்பொறி ஆள்கின்றது. இவற்றோடு செல்பேசித் தொடர்பு, புளூடூத், வைஃபை, தொலைவிலிருந்து கதவு திறக்குஞ் சாவி எனக் கம்பியில்லா வாயில்கள் பல அமைந்துள்ளன. இவற்றால் விளையும் நன்மை சிறிதன்று. திருடுபோன வண்டி இருக்குமிடத்தை அறியலாம்; விபத்து நேரின் உதவி அழைக்கலாம். நம் நாட்டிலும் 2019 முதல் புதிதாய்ப் பதிவாகும் பேருந்து, வாடகைக் கார் முதலியவற்றில் இருப்பிடங் காட்டுங் கருவியும் அவசரப் பொத்தானும் வேண்டுமென விதி செய்யப்பட்டது. எனினும், நன்மை நுழையும் வாயிலில் தீமையும் நுழையக்கூடுமன்றோ?

அபாயத்தின் வேர் யாது? வண்டியினுள் உள்ள கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ஜெர்மனி தேயத்து பாஷ் நிறுவனத்தார் 1986-இல் 'கேன்' என்னும் முறையை வெளியிட்டனர். இம்முறையில் ஒரு கணிப்பொறி விடுக்குஞ் செய்தியை அக்கம்பியிலுள்ள ஏனைய யாவுங் கேட்கும். செய்தி இன்னது என்பதற்கு அதில் அடையாளம் உண்டு. அனுப்பியவர் இன்னார் என்பதற்கு உறுதி இல்லை.

இதனை நம் கடற்கரையார் எளிதில் உணர்வர். முன்னாளில் முத்துக் குளிப்பவன் கடலடியில் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்கி, மேலெழ வேண்டியபோது கயிற்றைச் சுண்டுவான். தோணியிலிருப்பவன் உடனே இழுத்தெடுப்பான். ஆதலால்தான், தமக்கை தங்கையின் வாழ்வை எண்ணிக் கண்ணுங் கருத்துமாயிருக்கும் மைத்துனன் கையிலேயே கயிற்றைக் கொடுப்பது அந்நாள் வழக்கம் என்பர். கயிற்றின் இரு முனையிலும் யார் உளர் என்பதே அங்கு உயிர்க்காவல். 'கேன்' கம்பியோ யார் சுண்டினும் இசையுங் கயிறு. அது வண்டிக்குள்ளேயே அடைபட்டிருந்த காலத்தில் இக்குறை பெரிதாகத் தோன்றவில்லை. வெளியுலகோடு தொடர்பு ஏற்பட்டபின் அயலான் கையும் அக்கயிற்றை எட்டலாயிற்று.

இது வெறுங் கற்பனையன்று. 2015-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்லி மில்லர், கிறிஸ் வாலசெக் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர், நெடுஞ்சாலையில் மணிக்கு ஏறக்குறைய 110 கிலோமீட்டர் வேகத்திற் சென்ற ஜீப் செரோக்கி வண்டியொன்றைச் சில மைல் தொலைவிலுள்ள வீட்டிலிருந்தவாறே ஆட்டிவைத்தனர். ஓட்டியவர் சோதனைக்கு உடன்பட்ட ஒரு பத்திரிகையாளர். முதலில் குளிர்காற்று வீசியது. பின் வானொலி அலறியது. இறுதியில் விசை சக்கரங்களை எட்டாது வண்டி தளர்ந்தது. அவர்கள் நுழைந்த வாயில், செல்பேசித் தொடர்பு கொண்ட பாட்டுப் பெட்டியே. அங்கிருந்த ஒரு சில்லின் மென்பொருளை மாற்றி, அதன் வழியே 'கேன்' கம்பியிற் கட்டளையிட்டனர். அவர்கள் நிறுவனத்தாருக்கு முன்னரே இதனை அறிவித்திருந்தனர். செய்தி வெளியானபின், 14 லட்சம் வண்டிகளைத் திருத்துமாறு நிறுவனம் அறிவிப்பு விடுத்தது.

இனி, திருடர் பெரிதும் கையாளும் வழி ஒன்று உண்டு. சாவி சட்டைப்பையில் இருந்தாலே கதவு திறக்கும் வண்டிகளில், சாவியின் மெல்லிய அலை அருகிலேயே கேட்குமென நம்பி வண்டி திறக்கின்றது. ஒருவன் வீட்டு வாயிலருகேயும் மற்றொருவன் வண்டியருகேயும் கருவிகளுடன் நின்று அவ்வலையை நீட்டித்துக் கொடுப்பின், வீட்டினுள் உறங்கும் சாவியைத் தன் பக்கத்தில் இருப்பதாக வண்டி கருதிவிடும். சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர ஆராய்ச்சியாளர் 2011-இல் எட்டு நிறுவனங்களின் பத்து வகை வண்டிகளைச் சோதித்தனர், பத்தும் ஏமாந்தன. அலை சென்று மீளும் நேரத்தை நுட்பமாக அளந்து தொலைவைக் கணிக்கும் புதுவகைச் சாவிகள் இதற்கு மாற்றாக வந்துள்ளன. ஒளியும் வானொலி அலையும் ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் 30 சென்டிமீட்டரே செல்லுமாதலின், நீட்டித்த அலையின் காலதாமதம் வெளிப்பட்டுவிடும்.

பரிகாரம் யாது? பாட்டுப் பெட்டிக்கும் தடைக்கும் இடையே வாயிற்காவல் அமைத்தல் வேண்டும். புதிய மென்பொருள் எதுவும் செய்தவரின் மின் முத்திரையின்றி ஏறலாகாது. ஐக்கிய நாடுகளின் 155-ஆம் விதி, வண்டி செய்வோர் அதன் ஆயுட்காலம் முழுதும் இவ்வபாயங்களைக் கண்காணித்து வருதல் வேண்டுமெனக் கூறுகின்றது. அது 2021 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. உடையவர்க்கும் கடமையுண்டு. நிறுவனம் அனுப்புந் திருத்தங்களைக் காலந்தாழ்த்தாது ஏற்றுக. முன்பின் அறியாத மலிவுக் கருவிகளைத் திசைமாற்றியின் கீழுள்ள சோதனை வாயிலிற் செருகற்க. வண்டியை விற்கும்போது அதிற் பதிந்துள்ள உம் செல்பேசியின் தொடர்பையும் கணக்கையும் நீக்குக.

மாணவ நண்பர்களே, இவற்றைக் கேட்டு வண்டியேற அஞ்ச வேண்டுவதில்லை. மேற்கூறிய ஜீப் நிகழ்ச்சி சோதனையே; அதில் எவர்க்கும் ஊறு நேரவில்லை. குறையைக் கண்டு செய்தவருக்கு அறிவிப்பவன் கள்வனல்லன், காவலனே. கட்டளை வந்தவுடன் கீழ்ப்படியும் பொறியைச் செய்தல் எளிது. கட்டளையிடுபவர் யாரென்று கேட்டறிந்து கீழ்ப்படியும் பொறியைச் செய்தலே அரிது. அவ்வரிய வேலை இப்பொழுது நம் ஊர் வாயிலுக்கே வந்துள்ளது. அதற்கு ஏற்ற கல்வியை நாம் தேடிக்கொள்வோமாக.