கால் சிரையும் இதயமும்

காலில் புடைத்துச் சுருண்டு நிற்கும் சிரைகள், அதாவது பேச்சுவழக்கில் நரம்புச் சுருட்டல் என்றும் மருத்துவமனைகளில் வெரிகோஸ் வெயின் என்றும் சொல்லப்படும் குறைபாடு, மாரடைப்பின் முன்னறிவிப்பா என்பது மருத்துவப் பகுதிகளுக்கு வாசகர்கள் அடிக்கடி அனுப்பும் கேள்வி. இவ்வச்சத்துக்கு வலுவூட்டுவதாகக் காட்டப்படுவது, 2018இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த தைவான் ஆய்வு. சுருள்சிரை உள்ள 2,12,984 பேரை, அது இல்லாத அதே எண்ணிக்கையினரோடு ஒப்பிட்ட அவ்வாய்வில், தசைகளுக்கு நடுவே ஓடும் ஆழ்சிரைகளில் குருதி உறைவது முன்னவர்களிடம் ஏறத்தாழ 5 மடங்கு மிகுந்திருந்தது. மடங்குக் கணக்கு மிரட்டினாலும், ஆண்டுக்கு ஆயிரம் பேரில் 6 அல்லது 7 பேர் என்பதே அதன் உண்மை அளவு. மேலும், அந்த ஆய்வு மாரடைப்பை அளக்கவே இல்லை.

கால் சிரையில் குருதி ஏன் தேங்கி உறைகிறது என்பதை அறிய, அது மேலேறும் விதத்தைப் பார்க்க வேண்டும். அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் பாதரச அளவில் 90 மில்லிமீட்டரை நெருங்குகிறது. நடக்கத் தொடங்கியதும் அது 30க்கும் கீழே இறங்குகிறது. இந்த வியப்பை நிகழ்த்துவது கெண்டைக்கால் தசையும், சிரைக்குள் இரட்டை இதழ்களாக அமைந்து குருதியை மேல்நோக்கி மட்டும் விடும் வால்வுகளும். கட்டடத்துக்குத் தளம் போடும்போது, சாரத்தில் வரிசையாக நிற்பவர்கள் கலவைச் சட்டியைக் கைமாற்றி ஏற்றுவதை இதற்கு ஒப்பிடலாம். கீழே நின்று உந்தி அனுப்புபவர் தசை. வாங்கியதைக் கீழே விடாதவர்கள் வால்வுகள். ஒருவர் கை தளர்ந்தால் அவர் சுமை அடுத்துக் கீழே நிற்பவர் மேல் இறங்க, அவர் கையும் தளர்ந்து வரிசை முழுவதும் குலைகிறது. சிரை விரிந்து, இதழ்கள் ஒன்றையொன்று தொட முடியாமல் போவதும் இவ்வாறே. உந்துபவர் உட்கார்ந்துவிட்டால் வேலை நிற்பதோடு, கைமாறாத கலவை சட்டியிலேயே இறுகத் தொடங்கும். தசை இயங்காதபோது குருதியும் இவ்வாறு தேங்குவது, அது உறைவதற்கு ஒரு முக்கியக் காரணம்.

 

இதயத் தமனிச் சுவரில் கொழுப்புப் படிந்து ஏற்படும் மாரடைப்புக்கும், கால் சிரையின் வால்வு பழுதாவதற்கும் வழிமுறை வேறு. ஜெர்மனியின் மைன்ஸ் பகுதியில் 12,423 பேரிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வு, சிரைக் குறைபாடு முற்றியவர்களிடம் இதய, குருதிக்குழல் நோய்கள் மிகுந்திருப்பதைக் கண்டது உண்மையே. ஆயினும் முதுமையும் உடற்பருமனும் இரண்டுக்கும் பொதுவானவை. சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றின் காரணம் ஆகிவிடாது.

எனவே சுருள்சிரை உள்ளவர்கள் மாரடைப்பை எண்ணிக் கலங்குவதைவிட, இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக்கொள்வதும், நெடுநேரம் அசையாமல் நிற்பதைத் தவிர்த்து நடப்பதும் பயன் தரும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். திடீரென மூச்சுத் திணறினால், உறைவு நுரையீரலை அடைந்திருக்கக்கூடும் என்பதால், அவசர சிகிச்சைப் பிரிவுக்கே விரைய வேண்டும்.