ஊசி போட்டால் முகம் கோணுமா?

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது பழமொழி. அந்த முகமே ஒரு நாள் காலையில் கோணியிருந்தால் யாருக்குத்தான் அச்சம் வராது?

தொண்டை அடைப்பானுக்கும் இரண ஜன்னிக்கும் பள்ளியில் தடுப்பூசி போடப் போகிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். “வேண்டாம் பாப்பா. கொரோனா ஊசி போட்ட பத்தாம் நாள் பக்கத்து வீட்டு அத்தைக்கு வாய் கோணிப் போச்சு, நீயும் பார்த்தியே” என்று என் அப்பாயி தடுத்தார். அந்த அத்தை தண்ணீர் குடித்தால் ஒரு பக்கமாக வழிந்ததை நானும் பார்த்ததுண்டு. ஆகவே அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரியிடம் கேட்டும், படித்தும் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

ஊசிக்குப் பின் முகத்தில் வரக்கூடியவற்றுள் முக்கியமானவை இரண்டு. முதலாவது ஒவ்வாமை. மருந்திலுள்ள ஏதேனும் ஒரு பொருள் ஒத்துக்கொள்ளாமல் உதடு, நாக்கு, கண்ணிமை வீங்கும், மூச்சும் திணறலாம். இது பத்து லட்சம் ஊசிகளில் ஒன்றிரண்டுக்கே கடுமையாக வரும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். உடனே தொடையில் போடும் அட்ரினலின் ஊசி உயிரைக் காக்கும். அதனால்தான் ஊசி போட்டபின் அங்கேயே உட்காரச் சொல்கிறார்கள்.

இரண்டாவது முகவாதம். முகத்தை அசைக்கும் ஏழாவது மூளை நரம்பு, காதருகே எலும்பிலுள்ள குறுகிய பாதை வழியே வருகிறது. மதகில் வெங்காயத்தாமரை அடைத்தால் வயலுக்குத் தண்ணீர் பாயாது அல்லவா? அதுபோல நரம்பு வீங்கி அப்பாதையில் நசுங்கினால் முகத்தின் ஒரு பாதி இயங்காது. கண் மூடாது, வாய் கோணும், சுவையும் குறையலாம்.

சுவிட்சர்லாந்தில் 2000ஆம் ஆண்டில் மூக்கில் தெளிக்கும் ஃப்ளூ தடுப்பு மருந்து ஒன்றினால் முகவாதம் அதிகரித்தது உண்மை. அது கண்டறியப்பட்டு, அம்மருந்து நிறுத்தப்பட்டது. கொரோனா தடுப்பூசிகள் சிலவற்றுக்குப் பின்னும் மிக அரிதாக முகவாதம் காணப்பட்டது. ஆனால் ஊசியே போடாதவர்களிலும் ஆண்டுதோறும் லட்சத்தில் பதினைந்து முதல் முப்பது பேருக்கு இந்நோய் வருகிறது. ஆகவே சில வேளை அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். நடிகர் விவேக் 2021 ஏப்ரலில் தடுப்பூசி போட்ட இரண்டாம் நாள் மறைந்தபோதும் மக்கள் அஞ்சினர். ஊசி அதற்குக் காரணமன்று என்று அரசின் ஆய்வுக்குழு பின்னர் தெரிவித்தது.

முகவாதம் வந்தால் மூன்று நாட்களுக்குள் மருத்துவரிடம் சென்று மாத்திரை தொடங்க வேண்டும். மூடாத கண் உலராமல் காக்க வேண்டும். பெரும்பாலோர் சில வாரங்களில் அல்லது மாதங்களில் குணமடைவர். எங்கள் அத்தையும் இன்று நன்றாகச் சிரிக்கிறார். ஆனால் நெற்றி சுருங்கியும் வாய் மட்டும் கோணினால், அல்லது கை தளர்ந்தால், அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

இதையெல்லாம் அப்பாயியிடம் விளக்கினேன். இரண ஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் வாழ்கிறது, புண் வழியே புகுந்து தாடையைப் பூட்டிவிடும் என்றதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. சிறு வயதில், நடவு வயலில் காலில் முள் குத்திய அவருடைய தம்பி, வாய் திறக்க முடியாமலே இறந்தாராம். “அதுக்குத்தான் இந்த ஊசியா?” என்று கேட்டார். மறுநாள் நான் ஊசி போட்டுக்கொண்டேன்.

தோழியரே! அச்சம் வந்தால் மறைக்காமல் கேளுங்கள். விவரம் அறிந்து ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அந்த அரை மணி நேரம் மட்டும் எழுந்து ஓடிவிடாதீர்கள்!