சர்க்கரை ஏறுவதற்கு முன்பே
உடல் அறிவோம் – 9

1922 ஜனவரியில் டொரான்டோவில் 14 வயது லியோனார்டு தாம்சனுக்கு இன்சுலின் செலுத்தப்பட்டு அவன் பிழைத்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்த வெற்றிக்குப் பிறகு, நீரிழிவு என்றால் இன்சுலின் பற்றாக்குறை என்ற எண்ணம் வேரூன்றியது. அதை 1936-இல் அசைத்தவர் லண்டன் மருத்துவர் ஹரால்டு ஹிம்ஸ்வொர்த். நோயாளிகளுக்குக் குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குச் சர்க்கரை அடங்கியது. வேறு சிலருக்கு இன்சுலின் உள்ளே போயும் அடங்கவில்லை. 1960 வாக்கில் ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் ரத்தத்திலுள்ள இன்சுலினை அளக்க வழிகண்டபோது ஐயம் தீர்ந்தது. நடுவயதில் நீரிழிவு வந்த பலரின் ரத்தத்தில் இன்சுலின் தாராளமாகவே இருந்தது. உடல்தான் அதன் பேச்சைக் கேட்கவில்லை. இதுவே இன்சுலின் எதிர்ப்பு.

சாப்பிட்டதும் கணையம் சுரக்கும் இன்சுலின், சர்க்கரையை வெளியே விடுவதை நிறுத்தும்படி கல்லீரலுக்குச் சொல்கிறது. சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி தசைக்குச் சொல்கிறது. தசை செல்லின் உள்ளே காத்திருக்கும் ‘குளூட்-4’ என்ற புரதம் மேற்பரப்புக்கு வந்தால்தான் சர்க்கரை உள்ளே நுழையும். தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு சேரும்போது இந்தச் சொல் சரியாக எட்டுவதில்லை. உடனே கணையம் கூடுதலாக உழைத்து ஈடுகட்டுகிறது. அதனால் ஆண்டுக்கணக்கில் பரிசோதனைத் தாளில் சர்க்கரை இயல்பாகவே தெரியும். இடுப்புச் சுற்றளவு மட்டும் கூடிக்கொண்டு போகும். கணையம் களைத்துப்போகும் நாளில்தான் சர்க்கரை ஏறுகிறது. ஆகவே நாம் நோயின் தொடக்கம் என்று நினைப்பது, உண்மையில் ஒரு நீண்ட போராட்டத்தின் கடைசிக் கட்டம்.

இங்கே உடல் நமக்கு ஒரு மாற்றுவழியை வைத்திருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் சொல்லாமலே குளூட்-4 மேலே வருகிறது. உழைத்து முடித்த பிறகும் ஓரிரு நாள் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்குகிறது. வாரக் கடைசியில் மட்டும் ஓடுவதைவிட, அன்றாடம் நடப்பது ஏன் மேல் என்பதற்கு இதுவே காரணம். எடை குறைந்தால்தான் பலன் என்று பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு அவர்களுக்குத் தெம்பு தரும். எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரில், உணவையும் நடையையும் சீராக்கியவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் நீரிழிவு வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது.

“நான் ஒல்லிதானே, எனக்கென்ன?” என்பார்கள் சிலர். 2004-இல் ‘லான்செட்’ இதழில் புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் பிரிட்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் தங்கள் உடலையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் உடல் நிறை குறியீடு 22.3 தான். உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர்களின் ஒல்லியான கைகால்களை வைத்து உள்ளே இருக்கும் கொழுப்பைக் கணிக்க முடியாது. “மாத்திரை போதாதா?” என்பது அடுத்த கேள்வி. சென்னை ஆய்வில் மெட்ஃபார்மின் மாத்திரை 26.4 சதவீதம் பலன் தந்தது. நடைமுறை மாற்றத்தோடு அதைச் சேர்த்துக் கொடுத்தபோதும் பலன் கூடவில்லை. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் வாழ்க்கைமுறை மாற்றம் 58 சதவீதமும் மெட்ஃபார்மின் 31 சதவீதமும் தடுத்தன. மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. அது நடைக்கு மாற்றாகாது என்றே சொல்கிறேன்.

கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு: “ஒழுங்காக நடந்தவர்களுக்கும் வந்ததே!” உண்மைதான். சென்னை ஆய்வில் மாற்றம் எதுவும் செய்யாதவர்களில் 55 சதவீதத்தினருக்கு மூன்றாண்டுகளில் நீரிழிவு வந்தது, மாறியவர்களிலும் 39.3 சதவீதத்தினருக்கு வந்தது. பரம்பரையின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் அவர்கள் எல்லோரும் எல்லைக்கோட்டுக்கு வந்த பிறகு நடக்கத் தொடங்கியவர்கள். கணையம் அதற்குள் பாதி களைத்திருக்கும். அந்த எண் நடையின் தோல்வியைச் சொல்லவில்லை, காலதாமதத்தின் விலையைச் சொல்கிறது என்றே நான் கொள்கிறேன். சோற்றைக் குறைத்துப் பருப்பையும் காய்கறியையும் கூட்டுவதற்கும், சாப்பிட்டபின் சற்று நடப்பதற்கும், இரவில் போதிய அளவு தூங்குவதற்கும் பரிசோதனைத் தாளின் அனுமதி தேவையில்லை. சர்க்கரை இயல்பாக இருக்கும் இன்றே அதற்கு உரிய நாள்.

(தொடரும்)