ஆட்டத்தை முடித்த தடுப்பு

கூடைப்பந்தில் சமநிலை ஆட்டத்தை ஒரு தடுப்பே முடித்துவிடலாம். 2016 ஜூன் 19, வட அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் இறுதிச் சுற்றில் ஏழாவது ஆட்டம். கிளீவ்லாந்து, கோல்டன் ஸ்டேட் அணிகள் தலா 89 புள்ளிகள். இரண்டு நிமிடம்கூட மிச்சமில்லை. கோல்டன் ஸ்டேட்டின் ஆந்த்ரே இகுடாலா கூடையை நோக்கிப் பாய்ந்தார். குறுக்கே வந்த கிளீவ்லாந்தின் ஜே.ஆர். ஸ்மித்தைத் தவிர்க்க ஒரு கணம் தாமதித்தார். அந்தக் கணமே போதுமாயிற்று. பின்னாலிருந்து ஓடிவந்த அதே அணியின் லெப்ரான் ஜேம்ஸ் எம்பி, பந்தைப் பலகையோடு அறைந்தார். அபாரமான தடுப்பு அது! அடுத்து சக வீரர் கைரி இர்விங்கின் மூன்று புள்ளி எறிதல். 93-89 என வென்ற கிளீவ்லாந்து அணிக்கு அது முதல் என்.பி.ஏ. பட்டம். ஆனால் தடுப்புக்கும் ஒரு வரம்பு உண்டு: கூடையை நோக்கிக் கீழிறங்கும் பந்தை வளையத்துக்கு மேலே தடுத்தால் எறிந்த அணிக்கே புள்ளி.