பட்டம் கேட்கும் வாசல்

வடபழனி மெட்ரோ நிலையத்தில் இறங்கி நூறடி சாலையில் நடந்தால், ஜாவா, பைத்தான், டெஸ்டிங் சொல்லித் தரும் பயிற்சி மையங்களின் பலகைகள் கண்ணில் படுகின்றன. அந்த மாடிப்படி ஏறுகிறவர்களில் பலர் ஏற்கெனவே பட்டதாரிகள். நான்கு வருடம் பி.இ. படித்த பிள்ளை, வேலைக்காக மறுபடி பணம் கட்டி நிரல் எழுதப் பழகுகிறான்.

அப்படியானால் அந்தப் பட்டம் எதற்கு? உள்ளே நுழைய. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, கல்லூரி மூன்றிலும் 60 சதவீதம், அரியர் கூடாது: கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வரும் பல நிறுவனங்களின் முதல் நிபந்தனை இது. குவியும் விண்ணப்பங்களைக் குறைக்க இது சுலபமான சல்லடை. ஆனால், பதினைந்து வயதில் காய்ச்சலோடு கணக்குப் பரீட்சை எழுதியவனும் இதில் கழிக்கப்படுகிறான். அவன் இன்று எழுதும் நிரலை யாரும் பார்ப்பதே இல்லை. இது அநியாயம்.

இந்தச் சல்லடையைத் தூக்கி எறிந்த நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் முனைவர் பட்டம் பெற்றவர். கல்லூரி மதிப்பெண்ணுக்கும் வேலைத் திறமைக்கும் தொடர்பு தெரியவில்லை என்பது அவருடைய நிறுவனம் அனுபவத்தில் கண்டது. அட்வென்ட்நெட் என்ற பெயரில் இருந்த அந்த நிறுவனம் 2005 வாக்கில் ஆறு மாணவர்களுடன் ஒரு பள்ளியைத் தொடங்கியது. நிறுவனம் 2009-ல் ஜோஹோ ஆனது. பள்ளி தென்காசி வரை வளர்ந்திருக்கிறது. பள்ளிப்படிப்பையோ டிப்ளமோவையோ முடித்தவர்கள் சேர்கிறார்கள். நிரலோடு கணிதமும் ஆங்கிலமும் உண்டு. கட்டணம் கிடையாது, மாதந்தோறும் உதவித்தொகை உண்டு. முடிவில் கிடைப்பது பட்டமல்ல, வேலை.

எச்.சி.எல். நிறுவனமும் ‘டெக்பீ’ திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை எடுக்கிறது. ஆனால், வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கவும் அது வழி செய்து தருகிறது.

பட்டம் கேட்கும் வாசல்கள் இன்னும் இருக்கின்றன. அமெரிக்காவின் எச்-1பி விசாவுக்குப் பட்டம் அல்லது அதற்கு ஈடான தகுதி வேண்டும். மூன்று வருட அனுபவம் ஒரு வருடக் கல்லூரிப் படிப்புக்குச் சமம் என்பது அங்கே கணக்கு. கல்லூரிப் பக்கமே போகாதவர் நான்கு வருடப் பட்டத்தை ஈடுகட்ட பன்னிரண்டு வருடம் உழைத்திருக்க வேண்டும். நேரே வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளையிடம் வீட்டில் இதையும் சொல்லிவிட வேண்டும்.

கூடவே இன்னொன்றும். சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்புக்கு ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். இடையில் நின்றாலும், முடித்த கட்டத்துக்கு ஏற்ப சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். பாடங்களை இரவில் அறையிலிருந்தே படிக்கலாம். தேர்வுக்கு மட்டும் மையத்துக்கு நேரில் போக வேண்டும்.